கத்தி யார் உடலில்?

பிறப்பைக் குறைக்க அரசு முனைவது தவறில்லை. எந்த வழியில், யார் உடலை வருத்தி என்பதில்தான் அறம் இருக்கிறது.

நெருக்கடி நிலைக் காலத்தில் இந்திய அரசு அந்த வரம்பை மிதித்துத் தாண்டியது. கருத்தடை அறுவைக்கு ஆள்பிடிக்க ஆசிரியர்களுக்கும் அரசு ஊழியர்களுக்கும் இலக்கு வைத்தார்கள். ஆள் கொண்டுவராதவருக்குச் சம்பளம் நின்றது. 1976 நவம்பரில் ஹரியானாவின் உத்தாவர் கிராமத்தைப் போலீசார் வளைத்து ஆண்களைப் பிடித்துச் சென்றனர். 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேலான கருத்தடை அறுவைகள் நடந்தன, பெரும்பாலும் ஆண்களுக்கு. அடுத்து வந்த தேர்தலில் வட இந்தியா காங்கிரசைத் துடைத்தெறிந்தது.

அதன்பின் ஆண்களை நெருங்கவே ஆட்சியாளர்கள் பயந்தார்கள். இலக்கு மட்டும் போகவில்லை, பெண்கள் மேல் ஏறிக்கொண்டது. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் அருகே நடந்த முகாமில் ஒரே மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் செய்தார். பத்துக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். இப்படிப்பட்ட முகாம்களை மூன்று ஆண்டுகளுக்குள் நிறுத்தும்படி 2016இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

நிலமும் நீரும் பெருகுவதில்லை, கொஞ்சம் கட்டாயம் இருந்தால்தான் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கேரளத்தைப் பார்க்கட்டும். பெண்கள் படித்தார்கள், தாமதமாக மணந்தார்கள், பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்தது. பிறப்பு தானே குறைந்தது. ஒரு குழந்தைதான் என்று 1980 முதல் மிரட்டிய சீனா, 2021இல் மூன்று பெற்றுக்கொள்ளலாம் என்று சொல்லும் நிலைக்கு வந்தது.

கட்டாயம் போன பிறகும் அநீதி போய்விடவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆணுக்கு மரத்துப்போக ஓர் ஊசி, சிறு துளை, தையல்கூடக் கிடையாது. அரை மணி நேரத்தில் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். பெண்ணுக்கோ வயிற்றைத் திறக்க வேண்டும், பல நேரம் பிரசவித்த உடம்போடு. "அவரு வெயில்ல உழைக்கிறவரு, எனக்கே பண்ணிடுங்க" என்று அவளே சொல்கிறாள். ஆணின் பலம் போய்விடும் என்ற பயத்துக்கு மருத்துவத்தில் ஆதாரமே இல்லை. அதை அவளிடம் சொல்ல வேண்டியவர்கள் சொல்லாமல் வாங்கும் கையெழுத்தை எப்படிச் சம்மதம் என்பது?

இரண்டு போதும் என்று முடிவெடுத்த கணவர்களே, மனைவியை ஆபரேஷனுக்கு அனுப்பும் முன் நீங்கள் போய் மருத்துவரைப் பாருங்கள். அரசு மருத்துவமனையில் ஆண்களுக்கான கருத்தடை இலவசம்.