பொருளும் நினைவும்

பயனிழந்த பொருளைப் பேணுதல் அறியாமையா, அன்பா? சீனக் கலைஞர் சோங் டொங் 2005இல் பீஜிங்கில் அமைத்த காட்சி இவ்வினாவை எழுப்புகின்றது. 2002இல் கணவரை இழந்த அவருடைய தாயார், எதனையும் கழிக்க மனமின்றி வீட்டை நிறைத்திருந்தார். பழந்துணி, வெற்றுப் போத்தல், சவர்க்காரக் கட்டி எனப் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட அப்பொருள்களைத் தாயும் மகனும் சேர்ந்தே அடுக்கிக் காட்சிப்படுத்தினர்.

பங்கீட்டுக் காலத்துப் பற்றாக்குறையை அறிந்த தாய், மகனுக்கென்றே சவர்க்காரம் சேமித்திருந்தார். சலவை இயந்திரம் வைத்திருந்த மகனுக்கோ அது தேவைப்படவில்லை. பயனொன்றையே அளவுகோலாகக் கொள்வோர்க்கு அது குப்பையே. ஆயின், தாம் பட்ட இன்னல் பிள்ளைக்கு நேரலாகாது என்ற கவலையே அக்கட்டிகளில் உறைந்திருந்தது. பயன்படாத கொடையிலும் கொடுத்தவரின் உள்ளத்தை மதிக்கும் கடப்பாடு பெற்றவனுக்கு உண்டு. அக்கடப்பாட்டை நிறைவேற்றும் வழியாகக் கலை இங்கு அமைந்தது எனலாம்.