இரண்டு ‘நான்’கள்

சமீபத்தில் அடுத்தடுத்துப் படிக்க நேர்ந்தவை இரண்டு புத்தகங்கள். ஒன்று, போலந்துக்காரரான ததேயுஷ் பொரோவ்ஸ்கியின் ஆஷ்விட்ஸ் கதைகள். மற்றது, இத்தாலிய யூதரான ப்ரிமோ லெவி 1986இல் வெளியிட்ட ‘மூழ்கியவர்களும் தப்பியவர்களும்’ என்ற கட்டுரை நூல். இருவரும் அந்த முகாமில் கைதிகளாக இருந்தவர்கள். புனைவா, சாட்சியமா, எது உண்மைக்கு அருகில் என்பது பழகிய கேள்வி, அலுத்தும் போய்விட்டது. என்னைத் தொந்தரவு செய்தது வேறு. இவ்விரு நூல்களிலும் பேசுகிற ‘நான்’ எதற்குப் பொறுப்பேற்கிறான்?

பொரோவ்ஸ்கியின் புகழ்பெற்ற கதையில் கதைசொல்லி ரயிலிலிருந்து ஆட்களை இறக்கும் வேலைக்குப் போகிறான். அவனுக்கு ஒரு ஜோடி செருப்பு வேண்டும். வந்திறங்குபவர்கள் விஷவாயு அறைக்கு. அவர்கள் கொண்டுவந்த ரொட்டியும் ஜாமும் இறக்கியவர்களுக்கு. ரயில்கள் நின்றுபோனால் நம் கதி என்ன என்று நண்பன் கவலைப்படுகிறான். ஓர் இளம் தாய், தன் பின்னால் அழுதுகொண்டு ஓடிவரும் குழந்தை தன்னுடையதல்ல என்கிறாள். வேலைசெய்யும் கைதி ஒருவனே அவளை அடித்து லாரியில் ஏற்றிக் குழந்தையையும் கூடவே எறிகிறான். கதைசொல்லிக்குக் கோபம் வருகிறது. கொல்கிறவர்கள் மேல் அல்ல, சாக வந்தவர்கள் மேல். இவர்களால்தானே நான் இங்கே நிற்க வேண்டியிருக்கிறது என்று.

பொரோவ்ஸ்கி அப்படிப்பட்டவர் அல்ல. உடனிருந்த கைதிகள் சொன்னதை வைத்து, முகாமில் அவர் நடந்துகொண்ட விதத்துக்கும் கதைசொல்லிக்கும் சம்பந்தமில்லை என்று செஸ்லாவ் மிலோஷ் எழுதியிருக்கிறார். ஆனாலும் சில கதைகளில் தன் பெயரையே அவனுக்குச் சூட்டினார். (நம் சுயசரிதைகளில் எழுதுகிறவர் எப்போதும் பசித்திருப்பார். பக்கத்து இலையில் என்ன இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்காது.) செய்யாத குற்றத்தைத் தன் பெயரில் எழுதிக்கொள்வது நேர்மையா, பாவனையா?

லெவி இதை ஏற்கமாட்டார் என்று தோன்றுகிறது. கொன்றவனையும் பலியானவனையும் குழப்புவது ஒழுக்க நோய் என்பது அவர் கட்சி. தனக்குள் ஒரு கொலைகாரன் பதுங்கியிருக்கிறானா என்பது தெரியாது, தான் கொலைகாரனாக இருந்ததில்லை என்பது தெரியும் என்கிறார். அதே சமயம், கூலிக்கு ஒரு கரண்டி சூப் அதிகம் பெற்று உடன்பட்டுப்போன கைதிகளைப் பற்றித் தீர்ப்பை நிறுத்திவைக்கச் சொல்கிறார். தன்னைப் பற்றி அவர் சொல்வது சிறிய விஷயம். 1944 ஆகஸ்டில், தாகம் கொன்றுகொண்டிருந்தபோது, ஒரு குழாயில் ஒரு லிட்டர் கூட இராத தண்ணீர் கிடைக்கிறது. அவரும் ஆல்பர்ட்டோவும் ரகசியமாகக் குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள். தானியேல் என்ற தோழன் அதை யூகித்துவிடுகிறான். விடுதலைக்குப் பிறகு கேட்கிறான்: நீங்கள் இருவர் மட்டும் ஏன், நான் ஏன் இல்லை?

முதலில் லெவியின் பக்கமே சாய்ந்தேன். ஒரு லிட்டருக்கு ஒரு லிட்டர் அளவே குற்றவுணர்வு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ‘எல்லோரும் குற்றவாளிகள்’ என்பது மலிவான தத்துவம். அதில் உண்மையான குற்றவாளி சுகமாக ஒளிந்துகொள்வான். ஆனால் பொரோவ்ஸ்கி அதைச் சொல்லவில்லை. அவர் யூதரல்ல. அவரைப் போன்ற போலந்துக் கைதிகளுக்கு வீட்டிலிருந்து உணவுப் பொட்டலம் வரலாம். யூதர்களுக்கு அது கிடையாது. ஒரே முள்வேலிக்குள் அவர் நின்ற படி சற்று மேலே. அங்கிருந்து ‘நான் நிரபராதி’ என்ற வாக்கியத்தை அவரால் எழுத முடியவில்லை. லெவியால் அதை எழுதாமல் இருக்க முடியவில்லை. புனைவு, அபுனைவு என்ற பிரிவினை இங்கே விமர்சகர்களின் வசதிக்குத்தான். முகாமில் எந்தப் படியில் நின்றார்கள் என்பதே எந்த ‘நான்’ என்பதைத் தீர்மானித்திருக்கிறது.

வாசகனின் நிலைதான் மோசம். லெவி நமக்கு ஒரு நாற்காலி தருகிறார்: தீர்ப்புச் சொல்லாத நீதிபதியின் நாற்காலி. கௌரவமானது. பொரோவ்ஸ்கி அதையும் தரவில்லை. அந்தச் செருப்பு அவனுக்குக் கிடைத்துவிடாதா என்று கதை நெடுக நான் காத்திருந்தேன்.