வருகைக் கணக்கும் வாரா மனமும்



சென்ற பௌர்ணமி உபோசத நாளின் மாலையில், மட்டாஞ்சேரியில் அன்பர் ஒருவரின் இல்லத்தில் நாம் சிலர் கூடியிருந்தோம். புத்த வந்தனமும் பஞ்சசீலமும் நிறைவெய்தியபின், ஐயமுடையோர் வினவலாம் என்று வழக்கம்போல் அறிவித்தோம். பின்வரிசையில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் எழுந்தார். அவர் காக்கநாட்டில் கணினித் தொழில் புரியும் நிறுவனமொன்றில் பணியாற்றுபவர். அவர் வினவியதாவது:

“ஐயா, 2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஊரடங்கு வந்தபோது, வீட்டிலிருந்தே பணி செய்யுமாறு நிறுவனத்தார் எங்களைப் பணித்தனர். சாப்பாட்டு மேசைமேல் கணினியை வைத்துக்கொண்டு இரவு பகல் பாராமல் உழைத்தோம். உங்களால்தான் நிறுவனம் நிலைத்தது, நாம் யாவரும் ஒரே குடும்பம் என்று அவர்களே பாராட்டினர். மறு ஆண்டில் என் அன்னையார் பக்கவாதத்தால் படுக்கையில் விழுந்தார். வீட்டில் இருந்தமையால் வேளை தவறாமல் அவருக்கு மருந்தும் கஞ்சியும் கொடுத்து வந்தேன். இப்பொழுதோ, வாரத்தில் ஐந்து நாளும் அலுவலகம் வந்தே தீர வேண்டும் என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. காரணம் கேட்டோம், விடையில்லை. வாயிலில் அட்டையைக் காட்டிய நேரமே இனி எங்கள் உழைப்பின் அளவாம். உள்ளத்தில் சினம் மூண்டுவிட்டது. அட்டையைக் காட்டிவிட்டு அப்படியே திரும்பிவிடலாமா என்றுகூடத் தோன்றுகிறது. இத்தகையோரிடம் நான் விசுவாசம் காட்டத்தான் வேண்டுமா? பகவானின் தம்மம் இதற்கு என்ன கூறுகிறது?”

அன்று நாம் கூறியவற்றையும், பின்னர் எண்ணிப் பார்த்தவற்றையும் இங்கு வரைகின்றோம். ஏனெனில் இவ்வினா அவர் ஒருவருடையதன்று. டி.சி.எஸ். நிறுவனம் 2023 அக்டோபர் முதல் தன் ஊழியர்களை வாரம் ஐந்து நாளும் அலுவலகம் வருமாறு பணித்தது. 2024-இல் ஊதியத்தின் மாறுபடும் பகுதியை வருகையின் அளவோடு பிணைத்தது. அமேசான் நிறுவனம் 2025 ஜனவரி முதல் அலுவலக ஊழியர்களுக்கு இதே விதியை வகுத்தது. உலகெங்கும் இலட்சக்கணக்கான உள்ளங்களில் இம்மனக்கசப்பு இன்று குடிகொண்டுள்ளது. நம் அன்பர் பணிபுரியும் நிறுவனத்தின் பெயர் இங்கு வேண்டா, வினாவே போதும்.

அன்பர்களே! நாம் அமர்ந்திருந்த மட்டாஞ்சேரிக்கு இவ்வினா புதிதன்று. கப்பல் சரக்குகளை ஏற்றி இறக்கிய துறைமுகத் தொழிலாளர்கள் முன்னாளில் இங்கு விடியற்காலையில் வந்து காத்து நிற்பர். மேற்பார்வையாளர் ‘சாப்பா’ எனப்பட்ட உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவர். பசித்த மனிதர் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து அவற்றைப் பற்றிக்கொள்ள முட்டி மோதுவர். வில்லை கிடைத்தவனுக்கு அன்று வேலை; கிடைக்காதவன் வீட்டில் அன்று அடுப்பெரியாது. இக்கொடுமையை எதிர்த்து 1953-இல் நடந்த வேலைநிறுத்தத்தின்போது, செப்டம்பர் 15-ஆம் நாள் காவலர் துப்பாக்கியால் சுட்டனர். அப்போராட்டத்தில் சைது, செய்தலவி, ஆண்டனி என்னும் மூவர் உயிர் துறந்தனர். பின்னர் அம்முறை ஒழிந்தது. ஆயினும் அவர்களின் நினைவு இவ்வூரினின்றும் ஒழியவில்லை. 2023-இல் அது ‘துறைமுகம்’ என்னும் மலையாளத் திரைப்படமாகவும் வெளிவந்தது.

சாப்பாவுக்காக மண்ணில் உருண்டவனின் துன்பமும், குளிரூட்டிய அறைக்குள் செல்லுமாறு பணிக்கப்பட்டவரின் துன்பமும் ஒன்றென நாம் கூறோம். அவ்வாறு கூறுதல் மாண்டவர்க்கு இழைக்கும் அநீதியாகும். ஊரடங்கிலும் மூட்டை சுமந்தவரும், மருத்துவமனையில் இரவெல்லாம் விழித்திருந்த செவிலியரும் வீட்டிலிருந்து பணி செய்யும் வாய்ப்பை ஒருநாளும் கண்டாரில்லை. இதனை நம் இளைஞர் மறவாதிருத்தல் நன்று. எனினும் இரு துன்பங்களுக்கும் வேர் ஒன்றே. மனிதனை அவன் செய்த செயலால் மதியாது, ஒரு வில்லையால், ஓர் அட்டையால் எண்ணிக் கணக்கிடுங்கால், ‘நான் எண் அல்லேன்’ என்று அவன் நெஞ்சம் குமுறுகின்றது. கூலி குறைந்தவனும் குமுறுகின்றான். கூலி மிகுந்தவனும் குமுறுகின்றான்.

இனி, விசுவாசம் பற்றிப் பகவான் அருளியதைக் காண்போம். தீக நிகாயத்தில் சிகாலோவாத சூத்திரம் என்பதொன்று உண்டு. இராஜக்கிருக நகரில் சிகாலன் என்னும் இல்லறத்தான், ஈர ஆடையும் ஈரக் கூந்தலுமாய் ஆறு திசைகளையும் கைகூப்பித் தொழுதுகொண்டிருந்தான். அதனைக் கண்ட பகவான், திசைகளைத் தொழுவதாவது உறவுகளைப் பேணுவதே என்று அவனுக்கு விளக்கியருளினார். பெற்றோர் ஒரு திசை. ஆசிரியர் ஒரு திசை. உழைப்போர் காலடித் திசை என்றார்.

இதிலுள்ள நுட்பத்தை நோக்குக. காலடித் திசையும் தொழப்படும் திசையே! முதலாளி உழைப்பாளியை நோக்கிக் கைகூப்ப வேண்டும் என்பதன்றோ இதன் பொருள்? அவன் கைகூப்பும் முறைகள் ஐந்து: வலிமைக்கு ஏற்ற வேலை தருதல், உணவும் ஊதியமும் அளித்தல், நோயுற்றபோது பேணுதல், அரிய சுவைப்பொருளைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு கொடுத்தல். இவ்வாறு பேணப்பட்ட உழைப்பாளி ஐந்து வகையால் கைம்மாறு செய்கின்றான்: முன்னெழுகின்றான், பின்னுறங்குகின்றான், கொடுத்ததையே கொள்கின்றான், வேலையைச் செவ்வனே செய்கின்றான், முதலாளியின் நற்பெயரை ஊரில் பரப்புகின்றான்.

முதலில் கூறப்பட்டது முதலாளியின் கடமை. பின்னர்க் கூறப்பட்டதே உழைப்பாளியின் கடமை. மேலும், உழைப்பாளியின் இவ்வைந்து செயல்களையும் குறிக்கப் பாலி மொழியில் வரும் சொல் ‘அடிமைத்தனம்’ என்று பொருள்படுவதன்று. ‘அனுகம்பை’, அதாவது பரிவு என்பதே அச்சொல். தம்மத்தின்படி விசுவாசம் என்பது கீழோன் மேலோனுக்குக் கட்டும் திறையன்று. பேணப்பட்ட மனிதன் பேணிய மனிதனிடத்துக் கொள்ளும் பரிவு அது. பரிவை மின்னஞ்சலால் ஆணையிட்டுப் பெறவியலுமா? வாயிற்கதவின் பொறி உடலின் வருகையைக் குறிக்கும். மனத்தின் வருகையை எந்தப் பொறி குறிக்கும்?

இதைக் கேட்டு நம் இளைஞரின் முகம் மலர்ந்தது. ஆனால் தம்மம் ஒரு பக்கம் மட்டும் அறுக்கும் வாள் அன்று. ஆதலின் வேறொரு வரலாற்றையும் அவருக்குக் கூறினோம்.

விநய பிடகத்து மகாவக்கத்தில், உபோசதத்துக்குப் பிக்குகள் யாவரும் ஓரிடத்தில் கூட வேண்டும் என்னும் விதி உள்ளது. மத்தகுச்சி என்னும் மான் வனத்தில் தனித்திருந்த மகாகப்பினர் என்னும் அரகந்தர், ‘நான் முற்றத் தூய்மையுற்றவன், உபோசதத்துக்குச் செல்ல வேண்டுமோ, வேண்டாவோ?’ என்று எண்ணினார். தம் வேலையைத் தாம் குறைவற முடித்தவர் அவர். தனித்திருந்தே நிறைவெய்தியவர் கூட்டத்துக்கு ஏன் செல்ல வேண்டும்? நம் இளைஞரின் வினாவும் இதுவேயன்றோ! அவர் எண்ணத்தை அறிந்த பகவான் கழுகுமலையிலிருந்து அவர்முன் தோன்றினார். உம்மைப் போன்றோரே உபோசதத்தை மதியாவிடின் வேறு யார் மதிப்பர், ஆதலின் செல்லும் என்று அருளினார். மகாகப்பினர் அவ்வாறே ஏற்றார்.

ஆகவே கூடுதலும் ஓர் அறமே. நமக்கு வேண்டாததாகிய கூட்டம் பிறருக்கு வேண்டியதாகலாம். அலுவலகத்தில் புதிதாய்ச் சேர்ந்த இளையவர், மூத்தவர் அருகிருந்து கண்டும் கேட்டும் கற்கவேண்டியவை பல. கண்ணாடித் திரை வழியே தொழிலின் சொல்லைக் கற்கலாம். அதன் பக்குவத்தைக் கற்றல் அரிது. ‘என் வேலை முடிந்தது, எனக்கென்ன?’ என்னும் நினைப்பிலும் தன்முனைப்பு ஒளிந்திருக்கக் கூடும். அதனை அவரவரே ஆராய்ந்து அறிய வேண்டும்.

ஆனால் பகவான் பணித்த முறையையும் நோக்குக. ஒன்று: காரணத்தைக் கூறிப் பணித்தார். இரண்டு: ஓலை விடுத்தாரில்லை, தாமே அவர் இருப்பிடம் சென்றார். மூன்று: பிணியுற்ற பிக்குவுக்கு அவ்விநயத்திலேயே விலக்கு உண்டு, வர இயலாதவர் தம் தூய்மையை மற்றொரு பிக்கு வாயிலாகச் சங்கத்துக்கு அறிவிக்கலாம். காரணமும், நேரில் வருதலும், இயலாதவர்க்கு இரக்கமும் சேர்ந்த விதியையே மகாகப்பினர் மனமுவந்து ஏற்றார். இம்மூன்றுமின்றி விதிக்கப்படும் விதி, அஞ்சியவரைக் கொணரும், அன்புடையவரைக் கொணராது. தொழில் நடத்துவோர் இதனை உணர்வாராக.

இனி, சினம் பற்றி. மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் மிளகு வாணிகம் செய்வோர் ஒன்றை அறிவர். ஈர மிளகை வெயிலில் பரப்பி உலர்த்தாமல் மூட்டை கட்டிவிட்டால், உள்ளுக்குள்ளேயே பூஞ்சணம் பிடித்து முழுச் சரக்கும் பாழாகும். மனக்கசப்பும் அத்தகையதே. அதனை நெஞ்சில் கட்டி வைத்தால் நிறுவனத்துக்கு ஓர் இழப்புமில்லை. நம் உறக்கமும், நம் இல்லத்து இன்சொல்லுமே அழியும். வெயிலில் பரப்புக! அதாவது, உடன் பணிபுரிவோரோடு கூடி, வன்சொல் இன்றி, வெளிப்படையாகக் குறையை எடுத்துரைக்க. பொறுமை என்பது வாய்மூடிக் கிடத்தல் அன்று. சாப்பாவை எதிர்த்தோர் வாய்மூடிக் கிடந்திருப்பின், அவ்வில்லைகள் மேலும் எத்தனை காலம் எறியப்பட்டிருக்குமோ!

அட்டையைக் காட்டிவிட்டுத் திரும்பிவிடும் எண்ணத்தை மட்டும் நாம் ஏற்கவில்லை. வராத பொழுதை வந்ததாகக் காட்டுதல் பொய். வாயால் கூறாவிடினும் அது நான்காம் சீலத்தின் பிழையே. ஒரு நிறுவனத்தின் முழுநேர ஊதியத்தைப் பெற்றுக்கொண்டே, மறைவில் போட்டி நிறுவனத்துக்கு உழைத்தலும் அவ்வாறே. அதற்காகத் தன் ஊழியர் முந்நூறு பேரை நீக்கியதாக 2022-இல் விப்ரோ நிறுவனத் தலைவர் அறிவித்ததை நாம் அறிவோம். ‘அவர்கள் என்னை வஞ்சித்தனர், ஆதலின் நானும் வஞ்சிப்பேன்’ என்போன், தான் வெறுத்தவனையே தனக்கு ஆசானாக வரித்தவன் ஆகின்றான். அப்பணி அறத்துக்கு ஒவ்வாதெனின் வெளிப்படையாக விட்டுச் செல்லலாம், அது குற்றமன்று. இருக்கும் நாள்வரை கொடுத்ததையே கொண்டு, வேலையைச் செவ்வனே செய்தல் வேண்டும். அது நிறுவனத்தின் பொருட்டன்று, நம் சீலத்தின் பொருட்டு.

இவ்வளவும் கூறி முடித்தபோது, இளைஞர் சற்றுநேரம் தலைகுனிந்திருந்தார். பின்னர், “எல்லாம் சரியே ஐயா! நாளை நண்பகலில் என் அம்மாவுக்குக் கஞ்சி கொடுப்பவர் யார்?” என்றார்.

நாம் வாயடைத்தோம். இத்துணை நேரம் சூத்திரமும் விநயமும் உரைத்த நமக்கு அவ்வெளிய வினாவுக்கு விடையில்லை. மட்டாஞ்சேரியிலிருந்து காக்கநாடு ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். 2025 அக்டோபரில் இங்கும் நீர்வழி மெட்ரோவின் துறை திறக்கப்பட்டுப் பயணம் சிறிது எளிதாயிற்று. ஆயினும் எந்தப் படகும் நண்பகலில் மகனை அன்னையிடம் கொணர்ந்து, மீண்டும் பணிக்குக் கொண்டு சேர்க்காது.

அப்பொழுது முன்வரிசையில் இருந்த மூத்த உபாசிகை ஒருவர் எழுந்து, “தம்பி, உன் வீடு என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தானே? செவ்வாயும் வியாழனும் நான் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். இன்னொருவர் திங்கட்கிழமையை ஏற்றார். வேறிருவர் எஞ்சிய நாட்களை ஏற்றனர். நாம் ஒரு நாழிகை பேசி விளக்கியதினும், அவ்வம்மையார் ஒரு வாக்கியத்தில் விளக்கியதே பெரிது. நோயுற்றாரைப் பேணும் கடமையை முதலாளி மறந்தால், அதனைச் சங்கம் மறத்தலாகாது.

இளைஞர் இன்று அலுவலகம் செல்கின்றார்; முழுப் பொழுதும் இருந்து பணி செய்கின்றார். உடன் பணிபுரிவோர் பலரோடு சேர்ந்து, நோயுற்ற பெற்றோரும் கைக்குழந்தையும் உடையோருக்கு விலக்கு வேண்டுமென்று கையொப்பமிட்ட விண்ணப்பம் ஒன்றையும் அளித்துள்ளார். விடை இன்னும் வரவில்லை. வருமளவும் அவர் அன்னையாருக்கு நண்பகற் கஞ்சி தவறாது.

அன்பர்களே! இம்மாத உபோசதத்துக்கு நீங்களும் வருக. இங்கு வாயிலில் அட்டை இல்லை. வருகைப் பதிவும் இல்லை. நுமக்கு வேண்டாவிடினும், நும்மை வேண்டி எவரேனும் இங்குக் காத்திருக்கக் கூடும். அதன் பொருட்டேனும் வருக.

உழைப்போர் உள்ளம் அமைதி பெறுக! உழைப்பிப்போர் உள்ளம் கனிவு பெறுக!

சாது! சாது! சாது!