நம்ம பையன் ஆல்பம்

"நம்ம பையன் ஆல்பம் போட்டிருக்கான், சப்போர்ட் பண்ணுங்க." இப்படி ஒரு செய்தி அடிக்கடி வாட்ஸ்அப்பில் வந்துவிடும். உடனே "சூப்பர் ப்ரோ", "வேற லெவல்" என்று வரிசையாகப் பதில்கள். பாட்டு நான்கு நிமிடம். முதல் பாராட்டு ஒரு நிமிடத்திலேயே வந்திருக்கும்! கேட்காமலே பாராட்டுவது அன்பா? இல்லை, ஆளை அனுப்பிவிடுவதற்கு ஒரு மரியாதையான வழியா?

சினிமாப் பாட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. நாம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் அது ஓடும். சொந்தமாக ஆல்பம் செய்பவர் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் பணம் கட்டி, பிறகு நம்மிடம் வருகிறார். அவருக்கு நம் காது வேண்டும். நாம் கொடுப்பதோ கட்டைவிரல்.

2006-இல் யோகி பி & நட்சத்ராவின் 'வல்லவன்' வந்தது. 1980-இல் வெளிவந்த 'நிழல்கள்' படத்தின் இளையராஜா பாட்டை எடுத்து ராப் கலந்து செய்த 'மடை திறந்து' அதில்தான் இருக்கிறது. தமிழ்நாட்டிலும் அது ஓடியது. அங்கே கேட்டவர்களுக்கு அவர் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியாது. பிடித்தது, கேட்டார்கள், அவ்வளவுதான். அந்த ஆல்பத்தை நான் இப்போதும் முழுசாகப் போட்டுக் கேட்பேன். எல்லாப் பாட்டும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். பிடிக்காததைத் தள்ளிவிடாமல் கேட்பதால்தான் பிடித்தது ஏன் பிடித்தது என்று புரிகிறது.

பெரியபுராணத்தில் திருநீலகண்ட யாழ்ப்பாணர் கதை நமக்குத் தெரிந்ததுதான். சம்பந்தர் பாடும் பதிகங்களுக்கு யாழ் வாசித்துக் கூடவே போனவர். தருமபுரம் அவர் தாயார் பிறந்த ஊர். அங்கே உறவினர்கள், இவர் யாழில் வாசிப்பதால்தான் அந்தப் பதிகங்களுக்கே இத்தனை புகழ் என்று பேசினார்கள். அந்தக் காலத்து "நம்ம பையன்" பேச்சு! பாணருக்கு அது பெருமையாக இல்லை, பயமாக இருந்தது. யாழில் அடங்காத ஒரு பதிகம் பாடுங்கள் என்று சம்பந்தரிடம் அவரே போய் வேண்டினார். சம்பந்தர் பாடினார், யாழில் வரவில்லை. பாணர் யாழை உடைக்கப் போனார். சம்பந்தர் தடுத்து, யாழைக் கையில் வாங்கி, இசை முழுவதும் ஒரு கருவிக்குள் அடங்குமா, வந்தவரைக்கும் வாசியுங்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

சமய வகுப்பில் இதைச் சம்பந்தரின் பெருமையாகத்தான் சொல்வார்கள். எனக்குப் பாணர்தான் பெரிதாகத் தெரிகிறார். சொந்தக்காரர்கள் பாராட்டில் இருந்த பொய் முதலில் உறுத்தியது பாராட்டு வாங்கியவருக்கே. சம்பந்தரும் உண்மையை மறைக்கவில்லை, யாழை உடையவும் விடவில்லை. இரண்டையும் ஒருவரே செய்தார் என்பதைக் கவனியுங்கள்.

என் நண்பன் ஒருவன் வீட்டு அறையிலேயே பதிவு செய்து ஐந்து பாட்டு வெளியிட்டான். மூன்றாவது பாட்டு முழுக்கச் சென்னைப் பேச்சு. அவன் சென்னைக்குப் போனதே இல்லை. "மச்சான், இதுல நீ எங்கடா இருக்க?" என்று கேட்டேன். ஒரு வாரம் பேசவில்லை. பிறகு அவனே போன் செய்தான். "சூப்பர்னு சொன்னவங்க ஒருத்தர்கூட எந்தப் பாட்டுன்னு சொல்லல மச்சான்" என்றான். நான்காவது, தோட்டத்து லயத்தில் வளர்ந்த அவன் பாட்டியைப் பற்றியது. அன்றைக்கு அதைப் பற்றித்தான் ராத்திரி வெகுநேரம் பேசினோம்.

அப்படியென்றால் ஆதரவே கூடாதா என்று கேட்கலாம். காசு கொடுத்து வாங்குங்கள், நிகழ்ச்சிக்கு டிக்கெட் எடுங்கள். நம்மவர் என்பதற்காக அதைத் தாராளமாகச் செய்யலாம், பிடிக்காவிட்டாலும் செய்யலாம். "நல்லா இருக்கு" என்ற வார்த்தை மட்டும் கேட்ட பிறகு வரட்டும்.

அவன் அடுத்த ஆல்பத்துக்கு இரண்டு பாட்டு அனுப்பியிருக்கிறான். சனிக்கிழமை வேலை இல்லை. ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். அதுவரை பதில் போடுவதாக இல்லை.