குழந்தை விழித்திருக்கும் பொழுது

கோலார் தங்கவயலின் மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் விடியுமுன்பே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூர் சென்று சேர ஏறத்தாழ 85 கிலோமீட்டர். இரண்டு மணி நேரத்துக்கும் மேலான பயணம். மாலையில் அதே தொலைவு திரும்ப வேண்டும். ஆயிரக்கணக்கானோருக்கு இதுவே அன்றாடம். காலையில் தந்தை புறப்படும்போது குழந்தை உறங்குகிறது. இரவில் அவர் வீடு சேரும்போதும் உறங்குகிறது.

முன்பு அவ்வூரின் நாள் வேறு விதமாக இருந்தது. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனத்தார் பெருமளவில் தொடங்கிய சுரங்கத் தொழில், 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்படும்வரை ஊருக்குச் சோறு போட்டது. வட ஆற்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக அங்கே உழைத்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம் கொண்டது. பாறை வெடிப்பும் நுரையீரலைத் தின்னும் கல்தூசியும் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயின. ஆகவே அதைப் பொற்காலம் என்று புகழ்வதற்கில்லை. ஆயினும் வேலை மூன்று ஷிப்டுகளாக நடந்தது; வீடு சுரங்கத்துக்கு அருகிலேயே இருந்தது. காலை ஷிப்டு முடித்தவர் பகல் வெளிச்சத்திலேயே வீடு திரும்பினார். களைத்துத்தான் வந்தார், ஆனால் குழந்தை விழித்திருந்தது.

‘பிள்ளைக்காகத்தானே இவ்வளவு பாடும்?’ என்று ரயிலில் செல்பவர் கேட்டால், அது முற்றிலும் உண்மை. அவரிடம் போய் ‘நேரம் ஒதுக்குங்கள்’ என்று உபதேசிப்பது பசித்தவனுக்கு விரத மகிமை சொல்வது போன்றது. ஆனால் அதே சொற்களை, நேரம் இருந்தும் மனம் இல்லாதவரும் சொல்கிறார். மடியில் குழந்தை, கையில் கைபேசி என அமர்ந்திருக்கும் அவரையும் நாம் அறிவோம். முன்னவருக்கு இல்லாதது பொழுது. பின்னவர் தம்மையே கொடுப்பதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணலாகாது.

விளையாடுவது பெரியவர்களுக்கு ஏன் இத்தனை கடினமாக இருக்கிறது? அதில் பயன் ஏதும் இல்லை என்பதனால்தான். உழைத்தால் ஊதியம் உண்டு. சோறூட்டினால் குழந்தை வளரும். எழுத்துக் கற்பித்தால் படிக்கும். விளையாட்டின் முடிவில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை. குழந்தை கட்டைகளை அடுக்குகிறது, தட்டிவிடுகிறது, சிரிக்கிறது. ‘ஏன் இடித்தாய்? இன்னும் உயரமாகக் கட்டு’ என்கிறார் தந்தை. அந்த ஒரு சொல்லில் விளையாட்டு வேலையாகிவிடுகிறது. பலனில் பற்று வையாது செயலாற்றுமாறு கீதை கூறுவதைச் சொற்பொழிவுகளில் கேட்டு வியக்கிறோம். மூன்று வயதுக் குழந்தையோடு தரையில் அமர்ந்தால் அது உடனே சோதிக்கப்படுகிறது, பெரும்பாலோர் தேறுவதில்லை. படைப்பையே இறைவனின் லீலை என்றனர் வேதாந்திகள். எந்தக் குறையையும் நிரப்புவதற்காகச் செய்யப்படாத செயல் என்பது அதன் பொருள். அதை விளங்கிக்கொள்ள இடித்துச் சிரிக்கும் குழந்தையைவிடத் தெளிவான உரை கிடைப்பது அரிது.

நம் புலவர்கள் இதை அறிந்திருந்தனர். பெரியாழ்வார் யசோதையாகவே மாறிக் கண்ணனின் குழந்தைப் பருவத்தைப் பாடினார். பின்னர் வளர்ந்த பிள்ளைத்தமிழ், குழந்தையின் மூன்றாம் திங்கள் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை பத்துப் பருவங்களை வகுத்தது. செங்கீரை, சப்பாணி, அம்புலி என்று அவற்றில் பல விளையாட்டுகளே. ஒவ்வொன்றுக்கும் இடையே இரண்டே திங்கள்! அவ்விலக்கண வரையறையில் ஒரு கடுமையும் இருக்கிறது. சப்பாணி கொட்டும் பருவத்தைத் தவறவிட்ட தந்தைக்கு அடுத்த ஆண்டு அது திரும்பக் கிடைப்பதில்லை. வீடு கட்டும் கடனைத் தள்ளிவைக்கலாம். இதைத் தள்ளிவைக்க வழியில்லை.

‘எவ்வளவு நேரம் என்பதல்ல, எப்படிப்பட்ட நேரம் என்பதே முக்கியம்’ என்று இக்காலத்தில் ஓர் ஆறுதல் வழங்குகிறது. பாதிதான் சரி. குழந்தை குறித்த வேளையில் விளையாடுவதில்லை. இரவு எட்டரைக்குத் தந்தை ஆவலோடு வந்து அமர்ந்தால், அது சிணுங்கித் தாயிடம் ஓடக்கூடும். அப்போது கோபிக்காமல் அருகில் இருப்பதும் விளையாட்டில் சேர்ந்ததே. எப்போது அழைக்கும் என்று தெரியாதபடியால், அழைக்கும்போது அங்கே இருக்க வேண்டியிருக்கிறது.

விளையாடுவது குழந்தையின் உரிமை என்று 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆவது பிரிவு கூறுகிறது. 1992இல் இந்தியாவும் அதை ஏற்றது. மைதானத்தைக் கட்டடமாகாமல் காக்க அரசுகளுக்கு அது பயன்படலாம். தந்தையைத் தரையில் உட்காரவைக்க எந்தப் பிரிவாலும் இயலாது.

தங்கவயலின் ரயில் பயணிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒன்று இருக்கிறது. ஒழுகும் கூரை, ரேஷன் கடை, உறவினர் வீட்டு விசேஷம் என்று ஆறு நாள் பாக்கியெல்லாம் அன்றுதான் வந்து நிற்கும். அவற்றுக்கு நடுவே குழந்தை வந்து கண்ணாமூச்சி ஆட அழைக்கிறது. நான்காவது முறையும் அதே கதவின் பின்னால்தான் ஒளிகிறது. கால் வெளியே தெரிகிறது. தந்தை கட்டிலுக்கடியில் தேட வேண்டும், அரிசிப் பானைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும், ‘எங்கே போயிற்றோ!’ என்று உரக்கக் கவலைப்படவும் வேண்டும்.