நிலமகளுக்கும் அன்னம்

பாலாவிக் கரையிலே கௌரியம்பாள் சமேதராய் எழுந்தருளியிருக்கும் திருக்கேதீச்சரப் பெருமானுக்கு மகா சிவராத்திரி தினத்தன்று அடியார்கள் தீர்த்தம் மொண்டு அபிஷேகம் செய்வது வழக்கம். அந்த மாசி மாதத்தையொட்டியே கட்டுக்கரைக் குளத்தின் கீழுள்ள வயல்களில் காலபோக அறுவடையும் நடைபெறுகின்றது. நெல் வீடு வந்து சேர்கின்றது. வைக்கோலோ சில வயல்களில் தீக்கு இரையாகின்றது.

இளையான்குடி மாற நாயனாரின் வரலாற்றைச் சேக்கிழார் சுவாமிகள் பெரியபுராணத்திலே விரித்துரைத்தார். அடியாரை அமுது செய்வித்தே வறுமையுற்ற அவர் இல்லத்துக்கு, மழை பொழியும் நள்ளிரவில் அடியார் வேடந்தாங்கி இறைவன் வந்தான். அரிசி இல்லை. அன்று பகல் விதைத்த நெல் வயலிலே கிடப்பதை நினைவூட்டியவர் நாயனாரின் மனைவியாரே. இருளிலே காலால் தடவிச் சென்ற நாயனார், முளைநெல்லை வாரிக் கூடையிலே சுமந்து வந்தார். கூரைக் கொம்பு விறகாயிற்று. முற்றாத கீரை கறியாயிற்று. நாயனாரின் பக்தியை வியப்போர் பலர். “இல்லை” என்று கைவிரிக்கு முன் வயலில் என்ன கிடக்கின்றது என்று எண்ணிப் பார்த்த அம்மையாரின் அறிவும் போற்றத்தக்கதே.

மண்வளம் காக்கும் விவசாயம் அந்த அறிவையே வேண்டி நிற்கின்றது. நெற்பயிர் மண்ணிலிருந்து எடுக்கும் பொட்டாசியத்தின் பெரும்பகுதி வைக்கோலிலேயே தங்குகின்றது. அதை வயலில் பரப்பினால் ஈரம் காக்கும், உக்கிப் பசளையுமாகும். அறுவடைக்குப் பின் எஞ்சிய ஈரத்தில், அரிதாளுக்கிடையே உழாமல் உழுந்து, பயறு விதைக்கலாம். உழவு இயந்திரக் கூலி மிச்சம். பயறின் வேர்முடிச்சுக்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். ஓரிரு ஏக்கர் வைத்திருக்கும் குடும்பத்துக்கு அது பசளைச் செலவில் ஒரு பங்கு. வீட்டுப் பானைக்குப் பருப்பு.

மன்னார்த் தீவின் மணற்பாங்கிலோ நல்ல தண்ணீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே நிற்கின்றது. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவராகும். பழைய பனையோலையைத் தோட்டத்தில் தாழ்ப்பது முன்னோர் கண்ட வழி. ஓலை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் இறைப்பு குறையும். மூடாக்கிட்ட மண்ணிலே வெயிலுக்கு உப்பு மேலேறுவதும் குறையும்.

2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீங்கியபோதும் அந்தக் காலபோகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் வீழ்ந்தது. சேதனப் பசளையைப் பழிப்பதற்கு அது சான்றாகாது. பல்லாண்டு இலைகுழையே சேராத மண், ஒரு கட்டளையால் ஒரே போகத்தில் தேறுமா? பசளையைத் திடீரென நிறுத்தாமல், அரை ஏக்கரிலே தொடங்கிப் படிப்படியாகக் குறைப்பதே கடனாளிக் கமக்காரனுக்குத் தகும். வேலியில் நிற்கும் பூவரசும் சீமைக்கிளுவையும் குழை தரும்.

இதற்கு ஓர் இடையூறு உண்டு. அறுவடை முடிந்ததும் கட்டாக்காலி மாடுகள் வயலெங்கும் இறங்கும். ஒருவர் மட்டும் பயறு விதைத்தால் அது மாட்டுக்கே. வைக்கோலும் மாடு வளர்ப்போருக்கு வேண்டும். எனவே எந்த வெளியில் எப்போது மேய்ப்பது, எவ்வளவு வைக்கோலை வயலில் விடுவது என்பதை ஊரவர் கூடித் தீர்மானிக்க வேண்டும். சிவராத்திரிக்கு நான்கு சாமமும் விழித்திருக்கும் ஊரில், அதற்கொரு சாமம் போதும்.