மின்னலும் அருள்வீழ்ச்சியும்



திருவண்ணாமலைக்கு வடபால், வேலூர்ச் சாலையை அடுத்துள்ளது வேங்கிக்கால். ஆங்கு நின்று நோக்குவார்க்கு 2,600 அடிக்கு மேல் உயர்ந்த அண்ணாமலை ஓங்கித் தோன்றும். கோடை மாலையிலும் ஐப்பசி மழையிலும் இப்பக்கத்து மலைகளின்மேற் கருமுகில் திரண்டு மின்னும். அங்ஙனம் மின்னுங்கால், சவ்வாது மலை போன்ற இடங்களிற் கூடாரமிட்டுத் தங்கி, அந்திப்பொழுதின் மின்னலை நிழற்படமாக்க விழைவார் இக்காலத்து உளர். அவர்தம் தொழில்முறை, சத்திநிபாதம் என நம் சித்தாந்த நூல்கள் கூறும் அருள்வீழ்ச்சியை விளக்குதற்கு ஏற்றதோர் உவமையாதலை ஈண்டு ஆராய்வாம்.

மின்னலைக் கண்டபின் கருவியை இயக்குவோனுக்குப் படம் பெரும்பாலும் வாய்ப்பதில்லை. மின்னல் முழுவதும் பெரும்பாலும் அரை நொடிக்குள் அடங்கும். அதனுள் ஒவ்வொரு கீற்றும் பேரொளி காட்டுவது கண்ணிமைப்பினும் மிகச் சிறு பொழுதேயாம். கண் கண்டு விரல் அசைதற்கோ நொடியில் ஐந்திலொரு கூறு வேண்டும். ஆதலின் தொழில் வல்லோன் கருவியை முக்காலியில் அசையாது நிறுத்தி, மின்னலுக்கு முன்னரே அதன் வாயிலைத் திறந்து, 10, 20, 30 நொடியளவும் இருளை நோக்கி வைத்துக் காத்திருப்பன். அப்பொழுது மின்னல் தோன்றின் தன் வடிவைத் தானே எழுதிச் செல்லும். பகலொளி மிக்கிருப்பின் இஃது இயலாது. அவ்வளவு நேரந் திறந்த கருவியில் யாவும் வெளிறிப்போம். ஆகலான் ஒளி மங்கும் அந்தியே இதற்குரிய காலமாயிற்று.

உயிர் அருளைப் பெறுமாறும் இத்தகையதே. தம் வலியால் அடிமுடி தேடிய அயனும் மாலும் காணமாட்டாமையும், முனைப்பு ஒழிந்தவழி இறைவன் தானே வெளிப்பட்டமையும் இவ்வண்ணாமலை வரலாறன்றோ? உலகப்பற்றாகிய பகல் மங்காத நெஞ்சில் அருளொளி தோன்றினும் பதிவதில்லை.

அற்றேல், அருள் தானே வருவதாயின் சரியை, கிரியை, யோகம் என்னும் நோன்புகள் எற்றுக்கு எனின், கூறுதும். வாயில் மூடிய கருவியின்முன் நூறு மின்னல் மின்னினும் படம் எழாது. முக்காலி ஆடின் எழுந்த படமும் சிதையும். கருவியைச் செம்மை செய்தல் மின்னலை உண்டாக்குவதன்று; ஆயினும் அச்செம்மையின்றி மின்னலாற் பயனில்லை. நோன்பும் அவ்வாறே மலபரிபாகத்திற்குத் துணையாவதன்றி, அருளை விலைகொடுத்துப் பெறும் பொருளாகாது என்க.

இனி, அறிவியலார் கண்ட உண்மை இதனினும் நுட்பமுடையது. 1882-இல் பிலடெல்பியாவில் வில்லியம் ஜென்னிங்ஸ் என்பார் எடுத்த படத்தால், மின்னல் ஓவியர் தீட்டியவாறு கூர்ங்கோணங்களாய் மடியாது, ஆறுபோற் கிளைத்து ஓடுவது என அறியலாயிற்று. பின்னர், 1930-களில் தென்னாப்பிரிக்காவில் ஷோன்லாந்து என்பாரும் அவர் துணைவரும், பாய்ஸ் என்பார் வகுத்த சுழற்படக்கருவிகொண்டு ஆராய்ந்தனர். முகிலினின்று மங்கலான மின்னோட்டம் ஒன்று, ஏறத்தாழ 50 மீட்டர் அளவினவாகிய படிகளாய், நம் கண்ணுக்குத் தனியே புலனாகாது முன்னர் இறங்குகின்றது. அது நிலத்தை அணுகியவழி, அதன் ஈர்ப்பினாலேயே மரம், கோபுரம் முதலியவற்றின் உச்சியினின்று சிறு மின்னிழை மேலெழும். இரண்டுங் கூடியபின்னரே நாம் காணும் பேரொளி பிறக்கும்.

உயிர் அறியாதவாறு மறைந்துநின்று மலத்தைப் பக்குவப்படுத்துவது திரோதான சத்தி. பக்குவம் எய்தியவழி அதுவே அருட்சத்தியாய்ப் பதியும். மறைந்து இறங்கிய மின்னோட்டம் முன்னையதற்கும், கூடிப் பிறந்த ஒளி பின்னையதற்கும் உவமையாம். அருளை நாடி உயிர் எழும் சிறு எழுச்சிதானும் அருளின் ஈர்ப்பால் நிகழ்வதே. ‘யாம் தேடினேம், யாம் பெற்றேம்’ என்னும் செருக்கிற்கு ஈண்டு இடமில்லை.

உவமை ஒருபுடையதே. மின்னல் எதிர்ப்பட்டதைக் கொல்லும். அருளோ கொல்லாது காக்கும். ஆதலின் மின்னலின்முன் துணிந்து நிற்றலைத் தவமென்று கருதற்க. மின்னியபின் 30 நொடிக்குள் இடி கேட்பின் மின்னல் ஏறத்தாழ 10 கிலோமீட்டருக்குள் உளது. அப்போது மலைமுகடும் மரநிழலும் கூடாரமும் காவலாகா. உறுதியான கட்டடத்துட் புகுந்து, இறுதி இடி கேட்டபின் 30 நிமிடங் கழியுமளவும் ஆங்கிருத்தல் வேண்டும். 2024 திசம்பர் 1-ஆம் நாள் பெருமழையில் அண்ணாமலைச் சரிவின் மண் சரிந்து, அடிவாரத்தில் எழுவர் உயிர்நீத்தமை மறக்கற்பாலதன்று. மானிட யாக்கை வீடுபேற்றிற்கென இறைவன் தந்த கருவி. அதனை ஒரு படத்தின் பொருட்டு இழத்தல் தந்தவனைப் பிழைத்தலாகும்.

கார்த்திகைத் திருநாளின் அந்தியில் மலைமுடியிற் தீபம் ஏறுங்கால் எண்ணிறந்த கைகள் கைப்பேசியை உயர்த்துகின்றன. கருவி குற்றமுடையதன்று. கருவியின் வாயில் திறந்திருக்கும் அப்பொழுதில் நெஞ்சின் வாயிலும் திறந்துளதா என்று ஒவ்வொருவரும் தம்மை வினவிக்கொள்வாராக. அண்ணாமலையார் திருவருள் யாவர்க்கும் பதிவதாக.

திருச்சிற்றம்பலம்.